வால் உடைந்து தரையிறங்கிய விமானம்... 7 கோடி பேர் பார்த்த சோவியத் படம்! 'எகிபாஷ்' கதையும் எண்ணூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு காட்சியும்

மலையடிவாரத்தில் ஒரு ஊர். பக்கத்திலேயே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. இயற்கை சீறுகிறது. ஆலையிலிருந்து வெளியேறும் எண்ணெய், சேற்றோடு சேர்ந்து மக்கள் இருக்கும் பக்கமாகவே இறங்கி வருகிறது. ஓட இடமில்லை.

இது 1980-ல் திரைக்கு வந்த ஒரு ரஷ்ய மொழிப் படத்தின் காட்சி. உலகத்தின் மற்ற ஊர்களில் இருப்பவர்கள் இதைப் பார்த்தால் 'நல்லா கற்பனை பண்ணியிருக்காங்க' என்பார்கள். எர்ணாவூரிலும் எண்ணூரிலும் இருப்பவர்களுக்கு 2023 டிசம்பர்தான் ஞாபகம் வரும். தீ ஒன்றுதான் வித்தியாசம். படத்தில் எண்ணெய் எரிந்துகொண்டே வருகிறது. நம்ம ஊரில் எரியாமல் வந்தது.

அந்தப் படத்தின் பெயர் 'எகிபாஷ்'. இயக்குநர் அலெக்சாண்டர் மித்தா. 2025 ஜூலை 14-ம் தேதி தனது 92-வது வயதில் அவர் காலமானார். அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்புதான், ஜூன் 12-ல், அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்திருந்தார்கள். விமான விபத்து என்ற வார்த்தையே கனத்துக் கிடந்த நேரத்தில், விமான விபத்துப் படங்களில் ரஷ்யர்கள் இன்றும் முதலில் சொல்லும் படத்தை எடுத்தவரின் மரணம் இங்கே பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

சரி, அப்படி என்ன இருக்கிறது அந்தப் படத்தில்?

'எகிபாஷ்' என்றால் என்ன?

விமானத்தையோ கப்பலையோ சேர்ந்து இயக்கும் குழுவுக்கு ரஷ்ய மொழியில் எகிபாஷ் என்று பெயர். ஆங்கிலத்தில் 'ஏர் க்ரூ' என்று இந்தப் படத்தைக் குறிப்பிடுகிறார்கள். நம்ம துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களை 'கேங்' என்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்த அர்த்தம்தான். ஒருத்தர் தப்பு செய்தால் எல்லாருக்கும் ஆபத்து என்கிற மாதிரியான குழு.

தயாரிப்பு மாஸ்கோவின் மோஸ்ஃபிலிம் ஸ்டூடியோ. நீளம் சுமார் இரண்டரை மணி நேரம். இசை ஆல்ஃபிரட் ஷ்நிட்கே. இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய செவ்வியல் இசையில் பெரிய பெயர் அவர். அவரைக் கூட்டிவந்து பேரிடர் படத்துக்கு இசையமைக்க வைத்தார்கள்.

1970-ல் ஹாலிவுட்டில் வந்த 'ஏர்போர்ட்' படம்தான் உலகம் முழுக்க இந்த வகைப் படங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்த அலை சோவியத் நாட்டுக்கு வந்து சேர பத்து வருடம் ஆனது. 'எகிபாஷ்' படத்தை முதல் சோவியத் பேரிடர் படம் என்றே குறிப்பிடுகிறார்கள். அதே 1980-ல்தான் இந்தியில் 'தி பர்னிங் ட்ரெயின்' வந்தது. அங்கே விமானம், இங்கே ரயில்.

வசூல் என்று சொல்வதைவிட டிக்கெட் எண்ணிக்கையில் சொல்வதுதான் சோவியத் பழக்கம். அந்தக் கணக்கில் 7 கோடியே 11 லட்சம் பேர். 1980-ம் ஆண்டின் சோவியத் படங்களில் மூன்றாவது இடம். முதல் இடம் கடற்கொள்ளையர் படமான 'இருபதாம் நூற்றாண்டின் கொள்ளையர்கள்', இரண்டாவது ஆஸ்கர் வாங்கிய 'மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை'.

இத்தனை கூட்டத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம். விமான விபத்துச் செய்திகள் பெரும்பாலும் பத்திரிகைகளில் வராத நாடு அது. 1979 ஆகஸ்ட் 11-ல் இன்றைய உக்ரைன் வான்பரப்பில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதிக்கொண்டதில் 178 பேர் இறந்தார்கள். தாஷ்கெண்டின் புகழ்பெற்ற பக்தாகோர் கால்பந்து அணியும் அதில் ஒரு விமானத்தில் இருந்தது. இப்படி நடப்பதை வாய்வழியாகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு, விமானம் உடைவதைப் பெரிய திரையில் காட்டிய படம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேரிடர் படத்தில் பாதி நேரம் பேரிடரே இல்லையா?

ஆமாம். படத்தின் முதல் பாதி முழுக்க வீடுதான். ஆக்‌ஷன் எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் இங்கேதான் நெளிவார்கள். ஆனால் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

கேப்டன் திம்சென்கோ கறாரான மனிதர். காக்பிட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. வீட்டில் அப்படி இல்லை. கல்யாணம் ஆகாமலே மகள் கர்ப்பமாகி நிற்கிறாள். அதற்கு என்ன உத்தரவு போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. துணை விமானி நெனரோகோவின் திருமணம் கண்ணெதிரே உடைகிறது. நடுவில் சின்னப் பையன். ஃப்ளைட் இன்ஜினீயர் ஸ்க்வோர்த்சோவ் கல்யாணமே வேண்டாம் என்று திரிகிற ஆள். வீட்டில் மீன் தொட்டி, கலர் லைட், மாறி மாறி வரும் பெண்கள். அவர்மேல் உண்மையாகவே அன்பு வைக்கும் விமானப் பணிப்பெண் தமாரா. இவர்கள் இருவரும் வரும் ஒரு படுக்கையறைக் காட்சி அன்றைய சோவியத் சினிமாவுக்கு மிகத் துணிச்சலானது. அதைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த முதல் பாதி கொஞ்சமும் அந்நியமாகத் தெரியாது. டயர் கம்பெனி, லாரி கம்பெனி, அனல் மின்நிலையம், ஹார்பர் என்று இங்கே பாதி வீடுகளின் கடிகாரம் ஷிஃப்ட்படிதான் ஓடும். நைட் ஷிஃப்ட் முடித்து அப்பா தூங்குகிறார் என்று பகலில் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கும் வீடுகள். ஸ்கூல் மீட்டிங்குக்கு அம்மாவே போகும் வீடுகள். திம்சென்கோ யூனிஃபார்மோடு வீட்டுக்குள் வந்து, எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் ஒரு நொடி நிற்பதுபோல் இருப்பாரே, அந்த மாதிரி ஆட்களை நாம் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறோம்.

அதனால்தான் இரண்டாம் பாதியில் அதே நான்கு பேர் விமானத்தில் ஏறும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. சும்மா பைலட், இன்ஜினீயர் என்று அறிமுகம் செய்திருந்தால் இது நடக்காது.

பித்ரியில் என்ன நடக்கிறது?

பித்ரி ஒரு கற்பனை ஊர். மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே நிலநடுக்கம். நிவாரணப் பொருள்களோடு திம்சென்கோ குழு அங்கே போய் இறங்குகிறது. திரும்பும்போது காயம்பட்டவர்கள், பெண்கள், குழந்தைகள் என்று ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அப்போதுதான் மறுபடி பூமி அதிர்கிறது. மலையிலிருந்து சேறும் கல்லும் சரிகிறது. எண்ணெய் ஆலை வெடிக்கிறது. எரியும் எண்ணெய் விமான நிலையத்தை நோக்கி ஓடிவருகிறது. காத்திருந்தால் எல்லாரும் கருகிப்போவார்கள். கிளம்பினால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். திம்சென்கோ கிளம்புகிறார். ஆனால் வாலில் அடிபட்ட நிலையில்தான் விமானம் மேலே ஏறுகிறது. பறக்கும்போது உடலில் விரிசல் பெரிதாகிறது.

அந்த நேரத்தில் ஸ்க்வோர்த்சோவும் நெனரோகோவும் பின்பக்க இன்ஜினின் காற்று உள்வாங்கும் குழாய் வழியாக வெளியே ஏறி, நடுவானில் விமானத்தைச் சரிசெய்யப் போகிறார்கள். கடைசியில் மாஸ்கோவில் தரையிறங்கி ஓடும்போது வால் பகுதி அப்படியே உடைந்து தனியாகப் பிரிகிறது. பயணிகள் இருக்கும் பகுதி நிற்கிறது.

இதில் எண்ணூர் எங்கே வருகிறது?

இயற்கைப் பேரிடர் ஒன்று, பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலையைத் தட்டி இரண்டாவது பேரிடரை எழுப்பிவிடுவதற்குப் பேரிடர் மேலாண்மையில் 'நேட்டெக்' என்று ஒரு பெயர் இருக்கிறது. வெள்ளம் வந்தால் படகு அனுப்பத் தெரியும். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி அனுப்பத் தெரியும். வெள்ளத்தில் ரசாயனமும் எண்ணெயும் கலந்து வந்தால் யார் போவது, எதைப் போட்டுக்கொண்டு போவது? அந்தக் குழப்பம்தான் நேட்டெக்கின் குணம்.

பித்ரி கற்பனையாக இருக்கலாம். துருக்கியின் இஸ்மித் கற்பனை இல்லை. 1999 ஆகஸ்ட் 17-ல் வந்த நிலநடுக்கத்தில் அங்கிருந்த சுத்திகரிப்பு ஆலையின் தொட்டிகள் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தன. இடிபாடுகளில் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கம்பக்கத்து மக்களை வெளியேற்றவும் வேண்டியிருந்தது. 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தின்போது டோக்கியோ விரிகுடாவை ஒட்டிய இசிஹாரா ஆலையின் எரிவாயுத் தொட்டிகள் வெடித்து, தீயை முழுதாக அணைக்கப் பத்து நாள் ஆனது.

நம்ம ஊருக்கு வருவோம். 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். சென்னை முழுக்கத் தண்ணீர். வடசென்னையில் மட்டும் தண்ணீர் கருப்பாக வந்தது. மணலி தொழிற்பகுதி பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி கடல்வரை போனது. என் அத்தை வீடு எர்ணாவூரில். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருப்புக் கோடு. மழைத் தண்ணீர் விட்டுப்போன கறையை சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்தால் போகும். இது போகவில்லை. பொங்கலுக்கு அதன்மேலேயே வெள்ளை அடித்தார்கள். இரண்டு மாதத்தில் கோடு மறுபடி எட்டிப் பார்த்தது.

ஆற்றில் நிலைமை இன்னும் மோசம். அலையாத்தி மரங்களின் அடிப்பகுதியெல்லாம் தார் பூசிய மாதிரி ஆனது. வலையும் படகும் கெட்டுப்போயின. இறக்கையில் எண்ணெய் ஒட்டிக்கொண்ட கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கே நீதிபதிகள் கேட்டதும், குப்பத்தில் மக்கள் கேட்டதும் ஒரே கேள்விதான். இது யாரோட எண்ணெய்?

எண்ணெயை அள்ளியது யார் என்பது எல்லாருக்கும் தெரியும். மீனவர்கள்தான். மக்கிலும் வாளியிலும் அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளிதான். ஆறு வருடத்தில் வாளி மாறவில்லை. அந்த 2023 டிசம்பர் முடிவதற்குள், 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூக்கத்தில் இருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு 'எகிபாஷ்' பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு ஆள்கூட ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. மலைச்சரிவில், நிலநடுக்கம் வரும் ஊரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் ஆலையைக் கட்டச் சொன்னது யார்? ஹாலிவுட் பேரிடர் படங்களில் காசுக்கு ஆசைப்பட்டு மட்டமான ஒயர் போட்ட கான்ட்ராக்டர் ஒருத்தராவது வருவார். 1974-ல் வந்த 'தி டவரிங் இன்ஃபெர்னோ'வில் அதுதான் கதையே. சோவியத் படத்தில் அப்படி ஒரு ஆள் வர முடியாது. ஆலை அரசாங்கத்தோடது, விமானம் அரசாங்கத்தோடது, படத்தை எடுத்த ஸ்டூடியோவும் அரசாங்கத்தோடது. அதனால் குற்றம் முழுக்க மலைமேல் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது நான்கு பேரின் வீரம். அந்த வீரம் பொய் இல்லை. ஆனால் அதைப் பார்த்துக் கைதட்டும்போது கேள்வி காணாமல் போய்விடுகிறது. வாளியோடு நின்ற மீனவர்களைப் பாராட்டி நாங்கள் போட்ட வீடியோக்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பறக்கும் விமானத்தின்மேல் ஏறி ரிப்பேர் பார்க்க முடியுமா?

முடியாது. பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தில், உறைய வைக்கும் குளிரில், ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் ஒரு மனிதர் வெளியே நின்று வேலை செய்வதெல்லாம் சினிமாவில்தான்.

ஆனால் 'வெளியே போனால் உடனே சாவு' என்பதும் முழு உண்மை இல்லை. 1990 ஜூன் 10-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் காக்பிட் கண்ணாடி சுமார் 17,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டரின் உடம்பு பாதிக்கும்மேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி தரையிறக்கினார். கேப்டன் பிழைத்தது மட்டுமில்லை, பிறகு வேலைக்கும் திரும்பினார். கண்ணாடியைப் பொருத்தும்போது தவறான அளவு ஸ்க்ரூ போட்டதுதான் காரணம்.

விரிசல் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் ஹவாயில் நடந்தது. 1988 ஏப்ரல் 28, அலோஹா ஏர்லைன்ஸ் 243. 24,000 அடி உயரத்தில் விமானத்தின் முன்பக்கக் கூரையே கழன்று பறந்துவிட்டது. பயணிகள் திறந்த வானத்துக்குக் கீழே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விமானப் பணிப்பெண் மட்டும் இறந்தார். மற்ற 94 பேரும் உயிரோடு இறங்கினார்கள். தீவுக்குத் தீவு தாவும் அந்த விமானம், திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதில் உலோகம் களைத்துப்போயிருந்தது. கூடவே கடற்காற்றின் அரிப்பு. ராயபுரத்தில் இரும்பு கேட் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதே விமானம் இந்தியாவில் தலைகீழாகக் கவிழ்ந்தது தெரியுமா?

படத்தில் வருவது டுபொலேவ் நிறுவனத்தின் டியூ-154. வால்பக்கத்தில் மூன்று இன்ஜின்கள். சோவியத் விமானப் போக்குவரத்தின் முதுகெலும்பு என்றே சொல்லலாம். சுமார் ஆயிரம் விமானங்கள் தயாரானவை.

இந்த ரக விமானம் இந்தியாவிலும் பறந்திருக்கிறது. 1992 கடைசியில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சமாளிக்க வெளிநாட்டு விமானங்களைக் குழுவோடு வாடகைக்கு எடுத்தது நிறுவனம். அப்படி உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த ஒரு டியூ-154, 1993 ஜனவரி 9-ல் ஹைதராபாத்திலிருந்து டெல்லிக்குப் போனது. டெல்லியில் குளிர்காலப் பனிமூட்டம். ஓடுபாதையை விட்டு விலகித் தரைதட்டிய விமானம் உடைந்து, தலைகீழாகக் கவிழ்ந்து, தீப்பிடித்தது. உள்ளே 160-க்கும் மேற்பட்டவர்கள். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியவர்கள் கழற்றிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

ஒருத்தர்கூடச் சாகவில்லை. படத்தின் முடிவை நம்ப முடியவில்லை என்று சொல்பவர்களுக்கு டெல்லியைக் காட்டலாம்.

ரஷ்யாவில் இதைவிட ஒரு நல்ல கதை இருக்கிறது. 2010 செப்டம்பர் 7-ல் ஒரு டியூ-154 நடுவானில் மின்சாரம் மொத்தத்தையும் இழந்தது. கீழே வடக்கு ரஷ்யாவின் காடு. மேகத்துக்குக் கீழே இறங்கிய விமானிகளின் கண்ணில் ஒரு பழைய ஓடுபாதை பட்டது. ஊர் பெயர் இஷ்மா. பெரிய விமானங்கள் வருவது நின்றுபோய் வருடக்கணக்கான இடம். ஆனால் ஓடுபாதையில் ஒரு செடி, ஒரு கட்டை இல்லை. செர்கேய் சோத்னிகோவ் என்ற ஊழியர், யாரும் கேட்காமலே, அத்தனை வருடமும் அதைச் சுத்தம் செய்து வைத்திருந்தார். விமானம் ஓடுபாதையைத் தாண்டி மரங்களுக்குள் போய் நின்றது. 81 பேரும் பிழைத்தார்கள்.

திம்சென்கோவாக நடித்தவர் யார்?

கியோர்கி ஷ்ஷோனவ். படத்தில் அவர் முகத்தில் இருக்கும் அந்த இறுக்கத்தை மேக்கப் என்று நினைக்க வேண்டாம். 1938-ல், இளம் நடிகராக இருந்தபோது, ரயிலில் ஓர் அமெரிக்க அதிகாரியோடு பேசிப் பழகியதற்காக உளவாளி என்று கைது செய்யப்பட்டவர். கோலிமா முகாம்கள், நாடு கடத்தல் என்று இளமை முழுக்க அதிலேயே போனது. 1950-களின் நடுவில்தான் குற்றமற்றவர் என்று சொல்லி விட்டார்கள். அதே அரசாங்கத்தின் விமானத்தை ஓட்டும் நேர்மையான கேப்டனாக, 60 வயதைத் தாண்டிய பிறகு அவர் நடித்தார்.

ஸ்க்வோர்த்சோவ் பாத்திரத்துக்கு முதலில் பேசப்பட்டவர் ஒலெக் தால். உடல்நிலை காரணமாக விலகினார். 1981-ல் இறந்தே போனார். அந்த இடத்துக்கு வந்த லியோனித் ஃபிலாதவ் அதுவரை தாகங்கா நாடக மேடையின் நடிகர். இந்த ஒரு படம் அவரை நாடு முழுக்க நட்சத்திரமாக்கியது. தமாராவாக நடித்தவர் அலெக்சாந்திரா யாகவ்லெவா.

எங்கே பார்க்கலாம்?

2016-ல் நிகோலாய் லெபெதேவ் இதே பெயரில் புதுப் படம் எடுத்தார். எரிமலை, ஐமேக்ஸ் பிரமாண்டம், ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு நடுவானில் ஆட்களை மாற்றும் காட்சி என்று எல்லாம் உண்டு. நன்றாகவே ஓடியது. பழைய தமாரா யாகவ்லெவா அதில் ஒரு சின்ன வேடத்தில் வந்து போவார். ஆனால் அந்த வீடுகள் அதில் இல்லை.

தமிழில் நேரடியாக இந்த வகையில் சொல்ல, கடத்தல் கதையாக இருந்தாலும், ராதாமோகனின் 'பயணம்' (2011) இருக்கிறது. சோவியத் விமானி என்றால் நம்ம ஊர் இடதுசாரி வாசகர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமா இல்லை, புத்தகம். இரண்டு காலையும் இழந்த பிறகும் போர் விமானம் ஓட்டியவரைப் பற்றி பரீஸ் பொலெவோய் எழுதிய 'உண்மை மனிதனின் கதை'. தமிழ் பி.ஏ. முதல் வருடத்தில் ஒரு சீனியர் அண்ணன் அட்டை கிழிந்த பிரதியை என் கையில் திணித்தார். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மோஸ்ஃபிலிம் தனது பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறது. 'எகிபாஷ்' என்று ரஷ்ய உச்சரிப்பில் தேடுவதைவிட 'ஏர் க்ரூ 1980' என்று ஆங்கிலத்தில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். இரண்டு பாகங்களாக இருக்கும். விமானம் பித்ரிக்குக் கிளம்புவது இரண்டாவது பாகத்தில்.